முப்பத்தேழாம் எண் வில்லை

“வேலையெல்லாம் நல்லாத்தான் பண்றேம்மா. ஆனா அவங்களோட உக்காந்து பேச வருமா உனக்கு?”

கேட்டவர் என் மானேஜர். சென்னைக்காரர், வெகுகாலமாக சான் ஹோசேயில் இருப்பவர். எங்கள் மென்பொருளை வாங்கியிருந்த கம்பெனி டெக்சாஸில், ஆலன் என்ற ஊரில் இருந்தது. அங்கேயே போய்த் தங்கி, அவர்களோடு பேசி வேலையை நடத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நானாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவருக்கு என் ஆங்கிலத்தில் சந்தேகமில்லை. மதியச் சாப்பாட்டு மேஜையில் நான் வாய் திறப்பதில்லை, அதுதான் அவர் குறை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். படித்தால் எதுவும் வந்துவிடும் என்ற திமிர் எனக்கு உண்டு. மேஜையில் பேச்சு எப்போதும் பேஸ்பால்தான் என்பதால், லைப்ரரியிலிருந்து அந்த ஆட்டத்தின் விதிகளைச் சொல்லும் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன்.

எங்களோடு சாப்பிடும் அமெரிக்கர்கள் இரண்டு பேர். ஒருவர் சான் பிரான்சிஸ்கோ அணியின் ரசிகர், மற்றவர் ஓக்லாந்து அணிக்காரர். முதலாமவரின் லீகில் அப்போதெல்லாம் பந்து எறிபவரே மட்டையும் பிடிக்க வேண்டும். மற்றவருடையதில் எறிபவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஓர் ஆள் உண்டு. எந்த விதியை மாற்றுவது என்று இருவரும் தினமும் சண்டை போடுவார்கள். ஒருநாள் நான் நடுவில் புகுந்து, எங்கள் ஊர் கிரிக்கெட்டில் பந்து போடுகிறவரும் கடைசி ஆளாகவாவது மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாக வேண்டும், அவர் தட்டுத்தடுமாறி நிற்பதைப் பார்ப்பதில்தான் பாதி சுவாரசியம் என்று சொன்னேன். சான் பிரான்சிஸ்கோக்காரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். மானேஜர் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பேச்சு அப்படியே சட்டை எண்களுக்குத் தாவியது. சான் பிரான்சிஸ்கோக்காரர் சிறுவயதில் உயிராக நினைத்த ஆட்டக்காரரின் எண்ணை அணி ‘ரிட்டயர்’ செய்துவிட்டதாம். இனி யாரும் அதைப் போடக் கூடாதாம். இப்படியே போனால் வருகிற பையன்கள் மூன்று இலக்க எண்ணோடுதான் ஆட வேண்டியிருக்கும் என்று ஓக்லாந்துக்காரர் கிண்டல் செய்தார். என் புத்தகத்தில் இது இல்லை. ஆனால் ரிட்டயர் என்ற சொல்லை எனக்கு வேறு இடத்தில் தெரியும். யோசிக்காமல் கேட்டேன்: அவருக்கு மகன் இல்லையா?

எல்லோரும் சிரித்தார்கள். எண்ணுக்கும் மகனுக்கும் என்ன சம்பந்தம் என்று ஓக்லாந்துக்காரர் நிஜமாகவே கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மானேஜர், அவள் ஜோக்கடிக்கிறாள் என்று சொல்லிவிட்டார். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

என் அப்பா ஈரோடு ஜங்ஷனில் போர்ட்டர். சிவப்புச் சட்டை, கையில் வாரில் கட்டிய பித்தளை வில்லை, அதில் 37. அப்பாவுக்கு எழுதத் தெரிந்தது அந்த எண் ஒன்றுதான். சாப்பாடு கொண்டுபோகும் தூக்குப்போசியின் மூடியில்கூட அதைத்தான் ஆணியால் கீறி வைத்திருந்தார். போர்ட்டர் ரிட்டயர் ஆனால் வில்லை மகனுக்குப் போகும். மகன் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பையனுக்கு. அதை ஒருநாளும் சும்மா கிடக்க விடமாட்டார்கள். அதை நம்பி ஒரு குடும்பம் இருக்கும். மூட்டு தேய்ந்து அப்பா வேலையிலிருந்து நின்றபோது வில்லை பெரியப்பா மகனிடம் போனது. “பொண்ணுக்கு மாத்திக் குடுக்க மாட்டாங்களாம் கண்ணு,” என்று அப்பா சிரித்தார். “உன்ற தலையில எல்லாம் மூட்டை நிக்குமா?”

அவர் என் பள்ளிக்கூட வாசலுக்கு வரும்போது வில்லையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். கழற்ற வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

சாப்பாடு முடிந்து ஹோட்டலிலிருந்து ஆபீசுக்குத் திரும்பும்போது மானேஜர் காரில் மெதுவாகச் சொன்னார். “தெரியலன்னா பேசாம இருந்துடணும்மா. அவங்களுக்கு அந்த நம்பர்லாம் சாமி மாதிரி.” எனக்கு எரிச்சல் வரவில்லை. அவர் என்னைக் காப்பாற்றியதில் ஆறுதலாகத்தான் இருந்தது. சீட் பெல்ட்டைக் கழற்றும்போதுதான் அந்த ஆறுதலே கூசியது. எதிலிருந்து காப்பாற்றப்பட்டேன்? ஆட்டம் தெரியாதவள் என்ற பெயரிலிருந்தா, அப்பாவிடமிருந்தா?

அடுத்த வாரம் டெக்சாஸ்காரர்கள் வருவதாகவும் அவர்களோடு பூங்காவில் பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆடப்போவதாகவும் செகரட்டரி எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருந்தாள். ஆடுகிறவர்கள் சட்டை அளவும் வேண்டிய எண்ணும் சொல்ல வேண்டும். ஸ்கோர் மட்டும் குறித்தால் போதும் என்று மானேஜர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். நான் ஆடுவதாகவும், மீடியம், 37 என்றும் பதில் அனுப்பினேன்.

சாயங்காலம் அவர் என் மேஜைப் பக்கம் வந்தார். “என்னம்மா முப்பத்தேழு? நியூமராலஜியா?”

“அப்பா நம்பர் சார்.”

“அட, சொல்லவே இல்லையே. அப்பா என்ன ஆடினார்?”

“ஆடல சார். ஜங்ஷன்ல மூட்டை தூக்கினார். அது அவர் வில்லை நம்பர். அதான் அன்னிக்கு மகன் இல்லையான்னு கேட்டேன். ஜோக் இல்ல.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறதே என்று அவரைவிட என்னைப் பார்க்கத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஏதோ நல்லதாகச் சொல்ல வாயெடுத்தார். அதைக் கேட்கும் தைரியம் இல்லாமல், ஆலன் வேலைக்கு என் பெயரை அனுப்பச் சொல்லி அவரிடம் கேட்டுவிட்டேன்.