‘ரு’ தீர்ந்துபோன புத்தகம்

அச்சுக் கோக்கிறவன் சரியாகக் கோத்த ஆயிரம் பக்கத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், ஒரு எழுத்துப் புரண்டால் ஊரே பேசும். எழுபதுகளில் என்னைப்போல ஈய எழுத்தோடு மாரடித்தவர்களுக்கு இது தெரியும். நான் மலேசியாவில் சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று, ஈப்போவுக்கு வந்து கம்பாசிட்டர் ஆனவன்.

பறவை

ஒரு பாதிரியார் தடித்த கையெழுத்துப் பிரதியோடு வந்தார். ஐரோப்பாவில் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் சாமியார்கள் போட்ட வாதமாம். ஒரு பொருள் ‘என்ன’ என்பது அதன் சாரம். அது ‘இருக்கிறது’ என்பது அதன் இருப்பு. இரண்டும் வேறு என்று ஒரு கட்சி, சொல்தான் இரண்டு, பொருள் ஒன்று என்று இன்னொரு கட்சி. “நெருப்புல எரிஞ்சு திரும்ப எழும்புற பறவைன்னா என்னன்னு உனக்குத் தெரியும். அது எங்கயாச்சும் இருக்கான்னு தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். அதனால்தான் இரண்டும் வேறு என்றார்.

இதைத் தப்பில்லாமல் முடித்தால் தலைமைக் கம்பாசிட்டர் நீதான் என்று முதலாளி எனக்கு வாக்குக் கொடுத்தார். பாதிரியார் வெளியே போனதும் சொன்னார்: “எழுநூறு வருஷமா தீராத சண்டை, நம்ம பிரஸ்லயா தீரப்போவுது? சீக்கிரம் கோத்து முடிலா.”

உண்டு

வரிக்கு ஒரு ‘இருப்பு’. மூன்றாம் நாளே பெட்டியில் ‘ரு’ தீர்ந்துவிட்டது. எட்டுப் பக்கம் அச்சாகி, அந்த எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் அதனதன் கட்டத்தில் போட்ட பிறகுதான் அடுத்த எட்டு. ‘இருப்பு’ வரும் இடமெல்லாம் ‘உண்டு’ என்று போடலாமா என்று பாதிரியாரைக் கேட்டேன். “போடலாம் தம்பி. அப்புறம் ‘டு’ தீந்துபோச்சுன்னு வந்து நிப்பே.”

சாரம்

அவசரமாகப் பிரித்துப் போட்டதில் ‘ரு’ கட்டத்துக்குள் ‘டு’ விழுந்துவிட்டது. அது என் கைத் தப்பு, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பிடிக்கத்தானே புரூப் பார்க்க ஒரு மாஸ்டர் இருந்தார்? யாழ்ப்பாணத்துக்காரர், தோட்ட ஆபீசில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. என்னைத் ‘தோட்டத்துப் பெடியன்’ என்றுதான் கூப்பிடுவார்.

நாம் கைலி என்பதை அவர்கள் வீட்டில் சாரம் என்பார்கள். புரூபில் ‘சாரம் வேறு, இடுப்பு வேறு, சாரத்தோடு இடுப்பு சேரும்போதே பொருள் நிற்கிறது’ என்று இருந்தது. மாஸ்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அத்தனை பிரதியும் அச்சாகிவிட்டது. அப்புறம்தான் என் கண்ணில் பட்டது, மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். “சாரம் வேற, இடுப்பு வேறதானே? சாமியார் உதாரணம் சொல்லுறார் எண்டு நினைச்சன். கோத்தவன் விட்ட பிழைக்கு நான் என்ன செய்ய?”

தீர்ப்பு

மாஸ்டர் கையெழுத்துப் போட்ட தாளை முதலாளி மேசையில் வைத்தேன். (இன்றைக்கும் அது என் அலமாரியில் இருக்கிறது.) அவர் அதைப் பார்க்கவே இல்லை. மாஸ்டர் படித்தவர், தப்பு உன்னுடையதுதான் என்று சொல்லி, தலைமை வேலையைப் பக்கத்து எழுத்துப் பெட்டியில் கோத்தவனுக்குக் கொடுத்தார்.

பாதிரியார் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்துவிட்டு எனக்காகப் பேசினார். “விடுங்க முதலாளி. நான் எத்தனையோ வருஷமா சொல்லியும் விளங்காதது, இந்தப் பக்கத்தைப் படிச்சா யாருக்கும் விளங்கும்.” முதலாளி சிரிக்கவில்லை. “உங்களுக்கு விளங்குனா சரி சாமி. இவனுக்கு வேலை இருக்கு, பதவிதான் இல்ல.”

அதன் பிறகும் ஒன்பது வருஷம் அங்கேயே கோத்தேன். தலைமைக் கம்பாசிட்டர் என்றால் என்ன என்பது எனக்கு முழுசாகத் தெரியும், அப்படி ஒருநாளும் இருந்ததில்லை.