ஐரீனுக்குச் சொல்லாதது

நான் பொய்யாக மொழிபெயர்த்தேன். தெரிந்தே செய்தேன். ஒரே பிற்பகலில் இரண்டு பேரை ஏமாற்றினேன். ஒருவர் மண்ணச்சநல்லூரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர். மற்றவர் இங்கிலாந்திலிருந்து கைப்பேசித் திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. இருவருமே எனக்கு நன்றி சொன்னார்கள்!

நீங்கள் என்னைத் திட்டலாம். முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில். ஓய்வு நேரத்தில் சான்றிதழ், பத்திரம் என்று எதையாவது மொழிபெயர்த்துக் கொடுப்பேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மலேசியாவிலிருந்து ஒருவர் அழைத்தார். காட்டுக்குள் பழைய போர் விமானங்களின் உடைசல்களைத் தேடி அலைகிற சிறு குழுவாம் அவர்களுடையது.

உலகப் போரின் கடைசி மாதங்கள். மலாயா ஜப்பான்காரர்கள் கையில் இருந்தது. காட்டில் ஒளிந்து அவர்களை எதிர்த்தவர்களுக்காக இலங்கையிலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் கடல் தாண்டி வரும். குண்டுக்குப் பதிலாக அரிசி, துப்பாக்கி, மருந்து... எல்லாவற்றையும் பாராசூட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும். அப்படி வந்த ஒன்று திரும்பவில்லை. அதிலிருந்த ஒருவரின் மகள்தான் ஐரீன். எண்பதை நெருங்கியவர். தந்தைக்குக் கல்லறை இருக்கிறது, கல்லில் பெயர் இருக்கிறது. எப்படி இறந்தார் என்பது மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

அதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் மண்ணச்சநல்லூரில் உயிரோடு இருக்கிறார் என்று அந்தக் குழு கண்டுபிடித்திருந்தது. பெயர் முத்தையா. அந்த நாளில் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்குச் சுமை தூக்கி உதவியவர். போருக்குப் பிறகு கப்பலேறி ஊர் வந்து, அரிசி ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். அவருக்கும் ஐரீனுக்கும் நடுவே நான் பேச வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பேச்சுக்கு முதல் நாளே போய், சொல்லப்போவதை ஒருமுறை கேட்டுவைத்துக்கொள்வது என் வழக்கம். போனேன்.

"அப்பாவுக்குக் காது மந்தம் சார், கத்தித்தான் பேசணும்" என்றார் அவருடைய மகள் சரோஜா. "ஆனா நான் அவரைப் பத்தி முணுமுணுத்தா மட்டும் நல்லாக் கேக்கும்."

"இவ காபி போடுறதும் நம்ம மில்லு ஓடுறதும் ஒண்ணுதான் சார்" என்றார் முத்தையா. "சத்தம் மட்டும் ஊருக்கே கேக்கும். சரக்கு வராது."

சிரித்தோம். காபி வந்தது. அதன் பிறகு அவர் சொல்லத் தொடங்கினார்.

பொழுது விடிகிற நேரம். மரங்களை வெட்டித் திறந்துவைத்திருந்த இடத்தில் மூன்று தீ மூட்டிக் காத்திருந்தார்கள். விமானம் தாழ்ந்து வந்தது. பெட்டிகளை இறக்கியது. மேலே எழும்போது மலைமுகட்டில் மோதியது. ஒருவர் மட்டும் மூங்கில் புதருக்குள் தூக்கியெறியப்பட்டு உயிரோடு கிடந்தார். குழு அனுப்பிய படத்தில் இருந்த அதே முகம் என்றார் முத்தையா. கால்கள் போய்விட்டன. கீழே பாதையில் ஜப்பான்காரர்களின் லாரிகள் வந்து நின்றுவிட்டன. யாரும் அசையக் கூடாது, அசைந்தால் எல்லோரும் செத்தோம் என்று உத்தரவு.

"ரெண்டு நாள் சார்... ரெண்டு நாள் கத்துனாரு. நடுவுல ஒரு ஓடைதான். எட்டிப் போயிரலாம். போகல. அவரு போட்ட பெட்டியிலதான் மருந்து இருந்துச்சு. கட்டுத்துணி, ஊசி, எல்லாம். அந்தப் பெட்டிய நான் மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன் சார்!"

பிறகு சொன்னார்.

"ஒரே பேரைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாரு. ஐரீன், ஐரீன்னு. பொண்டாட்டி பேரா இருக்கும்னு நெனச்சோம். மூணாம் நாள் சத்தமில்ல. நாளைக்கு அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடணும் சார். சொல்லாம என்னால சாக முடியல."

அது மகளின் பெயர் என்று அவருக்குத் தெரியாது. வயதில் பெரியவர்களை நாம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை அல்லவா? "அவரோட பொண்ணு", "அந்த அம்மா" என்றே நான் சொல்லியிருந்தேன். அந்தக் கணத்தில் வாய் திறந்திருக்கலாம். 'ஐயா, நாளைக்கு நீங்கள் பேசப்போகிறவர்தான் அந்த ஐரீன்.' ஏன் சொல்லவில்லை?

இங்கே என் மகனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாக்கு என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆறு மாதம் முன்பு, அரியமங்கலம் தாண்டி, அருண் பைக்கிலிருந்து சாலையோரப் பள்ளத்தில் விழுந்தான். பட்டப்பகல். ஒன்றரை மணி நேரம் கிடந்தான். மேலே வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. பிழைத்தான். மருத்துவமனையில் கண் விழித்ததும் சொன்னான்: "கத்திக்கிட்டே இருந்தேம்பா. அப்பா, அப்பான்னுதான் கத்தினேன். நீங்க எங்க வரப் போறீங்கன்னு தெரியும். இருந்தாலும் அதான் வாயில வந்துச்சு."

இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். நான் ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிடுகிறேன். "இன்னும் சாகலைப்பா, மீட்டிங்ல இருக்கேன், வைங்க" என்கிறான். வைத்துவிட்டு அடுத்த அழைப்புக்கு மணி பார்க்கிறேன்.

அப்படிப்பட்டவன் போய் ஒரு மகளிடம், 'உங்கள் தந்தை இரண்டு நாள் கத்தினார், யாரும் போகவில்லை' என்று எப்படிச் சொல்வேன்?... இரக்கம் என்றுதான் அன்று நினைத்தேன். இரக்கம்தானா? அல்லது அந்தச் சொற்களை என் வாயால் கேட்க எனக்கே பயமா?

மறுநாள் பிற்பகல். திரையில் ஐரீன். வெள்ளை முடி, நீலக் கம்பளிச் சட்டை, கையில் சட்டமிட்ட சிறிய புகைப்படம். கைப்பேசியில் வந்த குரல் முத்தையாவின் காதில் விழவில்லை. நான் உரக்கச் சொன்னது மட்டுமே அவருக்குக் கேட்டது. என் ஆங்கிலம் மட்டுமே ஐரீனுக்குப் புரிந்தது. இருவருக்கும் நடுவே இருந்த ஒரே வழி நான்தான்.

"அவர் வேதனைப்பட்டாரா?" என்று கேட்டார் ஐரீன்.

முத்தையா கைகூப்பினார். அழுதார். தீ மூட்டியதிலிருந்து தொடங்கி, ஓடை, மருந்துப் பெட்டி, இரண்டு நாள்... விடாமல் பத்து நிமிடம் சொன்னார். 'ஒரே பேரைத்தான்' என்று தொடங்கியபோது அவர் கையை இறுக்கிப் பிடித்தேன். "போதும் ஐயா, மிச்சத்த நான் சொல்லிடுறேன்" என்றேன். அந்தப் பெயர் அவர் உதட்டிலேயே நின்றுவிட்டது. நின்றதா? நான் நிறுத்தினேன்!

பிறகு ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் சொன்னேன். விமானம் மோதியதும் அந்தக் கணமே இறந்துவிட்டார். வலி தெரிந்திருக்காது.

ஐரீன் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "அவர் நிறையச் சொன்னாரே?"

"வயதானவர். சொன்னதையே திரும்பச் சொல்கிறார்."

எவ்வளவு சரளமாக வந்தது! ஐரீன் நம்பினார். திரையில் விரல்களை வைத்து, நன்றி, நன்றி என்றார்.

"என்ன சொல்றாங்க சார்?" முத்தையா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிட்டாங்களா?"

"மன்னிச்சிட்டாங்க."

ஐரீன் தன் வாழ்நாளில் எதற்காக யாரை மன்னிக்க வேண்டும் என்றே அறியாதவர். அவர் பெயரில் நான் மன்னிப்பு வழங்கிவிட்டேன்.

திரும்பி வரும்போது கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அப்போதுதான் தோன்றியது. பாதியையாவது சொல்லியிருக்கலாமே! 'உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுக் கண் மூடினார்' என்று. எவ்வளவு சுலபமான பொய்! ஆனால் அந்தக் கணமே இறந்தார் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இறந்தவர் எப்படிப் பெயர் சொல்வார்?

மூன்று வாரத்தில் முத்தையா இறந்துபோனார். பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு என்னை முதல் பந்தியில், முதல் இலையில் உட்காரவைத்தார் சரோஜா. "அப்பா நிம்மதியாப் போனாரு சார். உங்களாலதான். இன்னும் கொஞ்சம் பாயசம் விடட்டுமா?" என்று கேட்டபடியே விட்டார். சாப்பிட்டேன். வேறென்ன செய்திருக்க முடியும்?

இத்தோடு முடிந்தது என்று இருந்தேன். சில மாதங்களுக்கு முன் ஐரீனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கண் பார்வை மங்கிவிட்டதாம், பக்கத்து வீட்டுப் பெண் தட்டச்சு செய்து உதவுகிறாளாம். அன்று கேட்க வெட்கப்பட்ட ஒரு கேள்வியை இப்போது கேட்கிறேன் என்று எழுதியிருந்தார்.

தந்தை புறப்பட்டுப் போன பிறகு பிறந்தவர் ஐரீன். பெண் பிறந்திருக்கிறது, இந்தப் பெயர் வைத்திருக்கிறேன் என்று தாய் கடிதம் எழுதினார். அது போய்ச் சேர்ந்ததா என்று கடைசிவரை தெரியவில்லை. பதிலும் வரவில்லை. 'என் தந்தைக்கு என் பெயர் தெரிந்திருந்ததா? நான் பிறந்தேன் என்றாவது தெரியுமா? விமானத்தில் வந்தவர்கள் யாராவது, எப்போதாவது, காட்டிலிருந்தவர்களிடம் ஏதாவது சொல்லியிருப்பார்களா? பெரியவரிடம் கேட்டுச் சொல்வீர்களா?'

படித்து முடித்ததும் பெங்களூருக்குப் போன் போட்டேன்.

அருணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மீட்டிங் என்று சொல்லவில்லை.

"நான் உங்களைக் கூப்பிட்டேன்னு சொன்னேன்ல... சொல்லாமலே இருந்திருக்கலாம்னு தோணுதாப்பா உங்களுக்கு?"

தோன்றவில்லை. ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்து இப்போதும் நடு இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஆனாலும் என் பிள்ளை பள்ளத்தில் கிடந்து என்னை அழைத்தான் என்பதை, யார் எது கொடுத்தாலும் விட்டுத்தர மாட்டேன். எனக்குக் கிடைத்த அதையே அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் செய்தேன்.

"எழுதுங்கப்பா" என்றான். உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன். எண்பது வயதில், கண் மங்கிய நிலையில், அண்டை வீட்டுக்காரி உரக்கப் படித்துக்காட்ட, அந்த இரண்டு நாட்களை அவர் கேட்க வேண்டுமா?... கடைசியில் ஒரே ஒரு வரி அனுப்பினேன்: பெரியவர் காலமாகிவிட்டார்.

அது பொய் இல்லை. அதுதான் என் பொய்களிலேயே கேவலமானது.

இரண்டு நாளில் பதில் வந்தது. பெரியவருக்கு இரங்கல் சொல்லியிருந்தார். என் அன்புக்கு மறுபடியும் நன்றி சொல்லியிருந்தார். 'இனி அதைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கேட்பதை நிறுத்திக்கொள்கிறேன்' என்று முடித்திருந்தார்.

நான் இருக்கிறேனே, ஐரீன்... நான் இருக்கிறேன். இன்னும் எழுதவில்லை.