சுண்ணாம்புக் கோடும் இரட்டை வண்டியும்

நான் என் கையால் செய்ததிலேயே சிறந்த வேலை ஒரு வண்டி. இரண்டு பழைய ட்ராம் பெட்டிகளை நடுவில் இணைத்து, திருப்பத்தில் வளைகிற மாதிரி செய்த இரட்டை வண்டி. வேலை சுத்தம் என்று சொல்லும்போதே எனக்கு வாய் கசக்கிறது. ஆளேற்றிக்கொண்டு அது ஓடியது ஒரே ஒரு நாள். அதுவும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

பட்டணத்தில் ட்ராம் ஓடிய கடைசி வருஷங்களில் நான் ஷெட்டில் ஃபிட்டர். பூதலூர்ப் பக்கத்துப் பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய உத்தியோகம். அப்பா அம்மா இருவரும் சீக்கிரமே போய்விட்டார்கள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்து, நடவுக் கூலியில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ரயிலேற்றி அனுப்பியவள் என் அக்கா.

ஷெட்டில் எங்கள் மேஸ்திரிக்கு இரட்டை ட்ராம் என்றால் பைத்தியம். மேல்நாட்டில் பழைய ஊர்களில் தெருக்கள் குறுகலாக இருக்குமாம். நீளப் பெட்டி திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும், குட்டைப் பெட்டி கூட்டம் தாங்காது. அதனால் பழைய குட்டைப் பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் இரண்டிரண்டாகச் சேர்த்தார்களாம். முதலில் நடுவே ஒரு சின்ன அறையைத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது ஆடித் தொலைத்தது. பிறகுதான் இரண்டு பெட்டிகளின் முனையையும் ஒரே சக்கரத் தொகுதிமேல் உட்காரவைத்து, நடுவில் ஒரு பெரிய முளையை இறக்கும் யோசனை வந்தது என்பார். அவர் சொன்னதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியாது. சிகரெட் டப்பாத் தகரத்தில் ஒரு மாதிரி செய்து வைத்திருந்தார். நடு முளைக்குப் பம்பரத்து ஆணி.

அந்த மாதிரியைப் பெஞ்சில் வளைத்து ஓட்டிக் காட்டுவார். "நல்லாப் பாத்துக்க. முன்பெட்டி போற வழியில பின்பெட்டி போகாது. திருப்பத்துல உள்பக்கமா அறுத்துக்கிட்டு வரும். வண்டி தாண்டிருச்சுன்னு நினைச்சு முன்னால வர்றவன்தான் சாவான்."

ஷெட்டுக்குள்ளும் திருப்பம் உண்டு. அங்கே பெட்டி வீசி வருகிற அகலத்துக்குத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்போம். கோட்டைத் தாண்டி ஒருவன் கால் வைத்தால் மேஸ்திரி கை அவன் கன்னத்தில் இருக்கும். வெள்ளைக் கோடு என்றால் எட்டி நில் என்று என் உடம்புக்கே பழகிப்போயிற்று.

ட்ராம் நின்றது. மேஸ்திரி ஊருக்குப் போனார். நான் திருச்சியில் லாரிப் பட்டறையில் பல வருஷம் கிரீஸில் கிடந்தேன்.

எங்கள் ஊர் மிராசுதார் என்னைக் கூப்பிட்டனுப்பியபோது கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்காரர்கள் கோட்டையில் உட்கார்ந்து அதிக நாளாகவில்லை. ஏழைகள் ஆட்சி என்று மேடையில் பேசினார்கள். எங்கள் பக்கத்து வயல்களில் யார் ஆட்சி என்பது இன்னும் முடிவாகவில்லை. செங்கொடிச் சங்கம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டது. முந்தின கோடையில், சங்கத்தில் சேர்ந்தவர்களின் குடிசைகளைச் சுற்றிப் பண்ணைக் காரியஸ்தர் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோட்டுக்கு உள்ளே இருப்பது பண்ணை மனை, காலி பண்ணு என்று அர்த்தம். சில குடும்பங்கள் சட்டிபானையோடு வாய்க்கால் கரைக்குப் போயின. அடுத்த முறை கோடு விழுந்தபோது தெருவே திரண்டு அதன்மேல் ஏறி நின்று காலால் தேய்த்து அழித்தது. முதல் கால் அக்காவுடையது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் வெள்ளைக் கோடு எங்கே தெரிந்தாலும் மிதிக்காமல் விடமாட்டார்கள். பையன்கள் சடுகுடுவுக்குப் போட்ட கோட்டையும் அழித்தார்களாம். அக்கா ஆள் வைத்து எழுதிய கடிதத்தில் இதைப் படித்து நான் பட்டறையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

மிராசுதாரை எங்கள் தெரு 'ஆண்டே' என்று கூப்பிடும். நான் 'சார்' என்பேன். அதில் எனக்கு ஒரு திமிர். காயலான் கடையில் வாங்கி வந்த இரண்டு ட்ராம் பெட்டிகளில் அவர் உர மூட்டை அடுக்கி வைத்திருந்தார்.

"தை அறுப்புக்கு வெளியூர் ஆள் நூறு பேர் ரயில்ல வராங்க. பூதலூர் ஸ்டேஷன்லேர்ந்து ஒரே நடையில கொண்டாந்து இறக்கணும். போலீஸ் காவல் ஒரு நடைக்குத்தான். மாட்டு வண்டின்னா வழியில இழுத்துப் போட்டுடுவானுங்க. பெரிய லாரி மதகுத் திருப்பத்துல திரும்பாது. நீ ட்ராம் வேலை பாத்தவனாமே, ஏதாவது பண்ண முடியுமா?"

யார் பக்கத்து வண்டி என்று நான் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்ததெல்லாம் அந்த இரண்டு பெட்டிகளை எந்த முனையில் வெட்டுவது என்பதைத்தான். மேஸ்திரி ஆசைப்பட்டுச் செய்யாமல் போன வண்டி என் கைக்கு வருகிறது. புத்தி மழுங்க அது போதும்.

ஒரு மாதம் ஆயிற்று. இரும்புச் சக்கரங்களைக் கழற்றி லாரி டயர் போட்டேன். முன்பெட்டியின் பின்முனையையும் பின்பெட்டியின் முன்முனையையும் அறுத்து, இரண்டையும் ஒரே அச்சின்மேல் உட்காரவைத்தேன். நடுவில் கிரீஸ் தடவிய வட்டத் தட்டு, அதன் ஊடே என் முழங்கை நீளத்துக்கு ஒரு முளை. இடைவெளியை மூடத் தார்ப்பாயை ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடித்துத் தைத்தேன். முன்னால் டிராக்டர் இழுக்கும். ஜன்னல்களுக்குக் கம்பி வலை அடிக்கச் சொன்னார்கள், அதையும் அடித்தேன். கம்பி வலை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் தை பிறந்துவிட்டது. சம்பாக் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுக்க ஒருவரும் இறங்கவில்லை. காற்றடித்தால் நெல் உதிர்கிற சத்தம் வரப்பில் நடக்கும்போதே கேட்கும். எலிகள் பகலிலேயே ஓடின. எதிரில் வருகிறவர்கள் என்னைக் கண்டால் வரப்பு மாறிப் போனார்கள். டீக்கடையில் எனக்கு டீ இல்லை. ஏதோ நடக்கப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எங்கே நடக்கும் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மதகுத் திருப்பம். எங்கள் தெரு வாய்க்கால் கரை ரோட்டில் சேரும் இடம். வெளிப்பக்கம் வாய்க்கால். மறியலுக்கு நிற்கிறவர்களைப் போலீஸ் தள்ளினால் உள்பக்கம்தான் ஒதுங்க முடியும். டிராக்டரும் முன்பெட்டியும் தாண்டியதும், ஜன்னலில் இருக்கும் வெளியூர்க்காரனைக் கேள்வி கேட்க அவர்கள் முன்னால் வருவார்கள். அந்த இடத்தை அறுத்துக்கொண்டு பின்பெட்டி வரும். மாட்டு வண்டியும் பஸ்ஸும் மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரியாது.

சொல்லத்தான் போனேன். வண்டி வருவதற்கு முதல் நாள், நல்ல வெயில். அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அரிவாள் கூரையில் செருகிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போனார்கள்.

"அக்கா, நாளைக்குக் காலையில வண்டி வருது. மதகுத் திருப்பத்துல..."

"வழி கேட்டு அனுப்பிச்சாரா ஒன் ஆண்டே?"

"சொல்றத முழுசாக் கேளு."

"நீ படிச்சதும் தின்னதும் நான் சேத்துல நின்ன காசுடா. எங்க வயித்துல அடிக்க வண்டி கட்டிட்டு, எனக்கே வந்து சொல்றியா?"

குடிசைக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எக்கேடோ கெட்டுப் போங்க" என்று கத்திவிட்டுத் திரும்பி வந்தேன். நான் வாழ்க்கையில் நிறையக் கோபப்பட்டிருக்கிறேன். அந்த ஒரு கோபத்தை மட்டும் திருப்பி வாங்க முடிந்தால் என் மிச்ச நாளையெல்லாம் கொடுப்பேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாயந்திரம் வண்டியை வெறுமையாக ஓட்டிப் பார்த்தோம். பின்பெட்டியின் உள்பக்கச் சக்கரத்துக்கு நேராக ஓட்டைக் கோணியில் சுண்ணாம்புத் தூள் கட்டித் தொங்கவிட்டேன். சக்கரம் போன வழி திருப்பத்தில் வெள்ளையாக விழுந்தது. அதற்கு உள்பக்கமாக ஒரு கஜம் தள்ளி, நானே குனிந்து கெட்டியாக இன்னொரு கோடு போட்டேன். இதற்கு அப்பால் நின்றால் ஒருவருக்கும் நகக்கண்ணில்கூடப் படாது. நிம்மதியாக இருந்தது. ஷெட்டில் போடுவது மாதிரியே போட்டிருந்தேன். யார் தெரு முனையில் போடுகிறேன் என்று ஒரு நொடி நினைத்திருந்தால் போதும். எல்லாம் தெரிந்தவன் நான், அது மட்டும் தோன்றவில்லை.

காலையில் பனி இன்னும் விலகவில்லை. பூதலூர் ஸ்டேஷனில் ஆட்கள் ஏறினார்கள். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்ட ஏழைகள்; அவர்களுக்கும் வயிறுதான். நான் நடு இணைப்பில், தார்ப்பாய் இடுக்கில், முளையைப் பார்த்தபடி நின்றேன். முன்னால் போலீஸ் ஜீப்.

திருப்பத்தில் கூட்டம் நின்றது. போலீஸ் லத்தியை ஓங்கியதும் உள்பக்கம் ஒதுங்கியது, நான் நினைத்தது போலவே. ஒதுங்கி எங்கே நின்றது என்று தார்ப்பாய் இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் கோட்டின்மேல் நின்றது. வரிசையாக, ஆணும் பெண்ணும், குதிகாலால் சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டு. அக்கா எல்லாருக்கும் முன்னால் இருந்தாள். நான் கையால் போட்ட கோட்டை அழித்து முடித்து, ரோட்டுப் பக்கம் இருந்த சக்கரக் கோட்டில் வலது காலை வைத்திருந்தாள்.

"அக்கா, தள்ளு! பின்னால போ!" என்று அலறினேன். டிராக்டர் சத்தத்தில் என் வாய் அசைந்ததுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும். முந்தின நாள் போல நான் திட்டுகிறேன் என்று நினைத்தாள். என்னை நேராகப் பார்த்து, காலை இன்னும் அழுத்தி ஊன்றினாள். முன்பெட்டி அவளைத் தொடாமல் தாண்டியது. என் காலடியில் வட்டத் தட்டு ஒரு சத்தமும் இல்லாமல், நான் செய்தபடியே, வழுவழுவென்று திரும்பியது.

அன்றைக்கு ஒருவரும் அறுவடைக்கு இறங்கவில்லை. வெளியூர்க்காரர்கள் தாங்களாகவே இறங்கி ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். கூலி பிறகு கூடியது. வண்டி பண்ணைக் களத்தோரம் நின்று துருப்பிடித்தது.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள்தான் அக்கா என்னை உள்ளே விட்டாள். சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்தக் கோட்ட யாருடா போட்டது?"

"நான்தான்க்கா."

"எங்கள வெரட்டவா?"

"இல்லக்கா. அதுக்கு அந்தாண்ட நின்னா வண்டி படாதுன்னு. உங்களுக்காகத்தான் போட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அத வாயால சொல்றதுக்கு என்னடா?"

"கோவமா இருந்தேன்க்கா" என்றேன்.

அக்கா போர்வையை இழுத்து, கால் இருந்த இடத்தில் சரிசெய்துகொண்டாள்.