தண்ணீர் வரிசையில் என் செங்கல்

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு அந்த வயதான தம்பதி தென்காசிப் பக்கமிருந்து குடிவந்தது ஒரு திங்கட்கிழமை. தண்ணீர் லாரி வராத நாள் என்பதால் குறித்து வைத்திருக்கிறேன். அந்த அம்மாளுக்கு வட்ட முகம், பெரிய மூக்குத்தி. வந்த மூன்று நாளும் மாடி ஜன்னலைவிட்டு நகரவில்லை.

வியாழக்கிழமை காலை, புது இடத்தில் நல்ல பெயர் வாங்க நினைத்த பெரியவர் தெருவைப் பெருக்கினார். லாரி நிற்கும் இடத்தில் கிடந்த செங்கல், உடைந்த வாளி, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் ஓரமாகக் குவித்தார். அவை குப்பையல்ல; குடங்களுக்காக வரிசையில் இடம் பிடிக்க ஒவ்வொரு வீட்டாரும் வைத்தவை. அதற்குள் லாரி வந்துவிட்டது.

"யோவ் பெர்சு, இன்னா வேல பண்ணி வச்சிகீற? என் கல்லு எங்கய்யா?" என்று மீன் விற்கும் அக்கா கத்தினார். "வந்து மூணு நாளு ஆவல, தெருவையே பேஜாரு பண்ட்டியே!"

பெரியவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் குவியலைக் கிளறினார். மாடியிலிருந்து அம்மாளின் குரல் வந்தது.

"மொதல்ல ஒங்க கல்லுதாம்மா, மூலை ஒடஞ்சது. அடுத்து பச்சை வாளி, டெய்லர் வீடு. செருப்பு மூணாவது."

இருபது வீட்டையும் பிசகாமல் சொன்னார்.

"உனுக்கு எப்டிம்மா தெரியும்?"

"பேச ஒரு ஆளு கெடயாது. வேற என்னத்தப் பாக்க?"

"எறங்கி வாம்மா. இங்கயே நின்னு பேசு," என்றார் அக்கா.

இறங்கி வந்தவர் என்னிடம் சொன்னார்: "ஒங்க கல்லு ஒம்பதாவது சார். விடியும்போது ஏழாவதுல கெடந்துச்சு. யாரோ தள்ளி வச்சிட்டாவ."

லாரி வரும் நேரத்தையெல்லாம் எழுதிவைக்கும் நான் உடனே நோட்டைத் திறந்து, யார் என்று கேட்டேன்.

"அதச் சொல்லமாட்டேன். நான் இங்க குடியிருக்கணும்லா?"

அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.