ON-க்கு முன்னால் ஒரு ஐயா

எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. யார் மேல் என்று கேட்டால், முதலில் என் மேல்தான்.

அப்பா குத்தகைக்கு ஓட்டியது ஊர்ப் பண்ணையாரான ஐயா வீட்டு நிலம். போர்வெல் மோட்டாரும் அவர்களுடையது. "இந்தச் சம்பா நடலைன்னா நிலத்தை விட்டுடணும்" என்று அவர்கள் காரியஸ்தர் கறாராகச் சொல்லிவிட்டார். தஞ்சாவூரில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கும் நான் சும்மா இருப்பேனா? மெசேஜ் அனுப்பினால் மோட்டார் ஓடும்படி ஒரு பெட்டி செய்து மாட்டினேன். உள்ளே சிம் போட்ட மோடம். வந்த மெசேஜை அது எழுத்தெழுத்தாக ஒயர் வழியே பெட்டியின் மூளையான மைக்ரோகன்ட்ரோலருக்குத் தள்ளும். வரி முடிந்ததும், அதில் ON இருக்கிறதா என்று நான் எழுதிய ரெகுலர் எக்ஸ்பிரஷன் விதி பொருத்திப் பார்க்கும்.

முதல் வாரமே ஏதோ ரீசார்ஜ் விளம்பரத்தில் ON இருந்து, மோட்டார் தானாக ஓடியது. அனுப்புகிற நம்பரைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். சோம்பல். விதியின் தலையில் ^, வாலில் $ போட்டு, முன்னும் பின்னும் வேறெழுத்து வராமல் இறுக்கிவிட்டேன். வெறும் ON மட்டும் செல்லும்; சரியோ தப்போ, பெட்டியிலிருந்து பதில் எதுவும் போகாது. என் எதிரில் அப்பா அனுப்பிப் பார்த்தார், ஓடியது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு எனக்கு.

பிறகு ஒரத்தநாட்டு மாட்டாஸ்பத்திரியில் சினைமாட்டோடு நாலு நாள் கிடந்தார் அப்பா. கரண்ட் வரும் நேரம் பார்த்து அங்கிருந்தே அனுப்பினார். திரும்பி வந்தபோது நாற்றங்கால் கருகிக் கிடந்தது.

பெட்டியில் பதிவானதைப் படித்தேன். எல்லாம் ஒரே வரி: AYYA ON. அந்த ON நான் சொல்லிக் கொடுத்தது. மற்ற நாலெழுத்தை உரக்கடைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டாராம்.

"மெஷினுக்கு எதுக்குப்பா ஐயா? என் முன்னாடி வெறும் ON-னுதானே அனுப்புனீங்க?" என்று கத்தினேன். சுயமரியாதை மாநாட்டுக்கெல்லாம் லாரி ஏறிப் போய் வந்த மனுஷன்!

"நீ பக்கத்துல இருந்த, அதான். மெஷின் உன்னுதுடா. தண்ணி அவங்களுது. அவங்க மோட்டாரை நாம அதட்டலாமா?"

மறுவாரம் காரியஸ்தர் நிலத்தை விட்டுக்கொடுக்கும் முத்திரைத்தாளோடு வந்தார். அப்பா தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நான் செய்யும் பெட்டிகள் நம்பரைச் சரிபார்க்கும். ON-க்கு முன்னால் .* போட்டிருக்கிறேன். ஐயா, சாமி, எஜமான், எது வந்தாலும் மோட்டார் ஓடும். ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம், அரை நிமிஷ வேலை. அப்பாவுக்குத்தான் பாய்ச்ச ஒரு குழி நிலம் இல்லை.