வரிசையில் ஆடிய மீனாள்

மீனாள் ஒருநாளும் கதாநாயகியாக ஆடியவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாலே என்றதும் தனியாகச் சுழல்கிற ஒருத்தியை நினைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். அவள் ஆடியது பின்வரிசையில்.

செட்டிநாட்டு வலையபட்டிக் குடும்பம்தான். வளர்ந்தது பினாங்கில். பெற்ற அப்பச்சி காசிவிஸ்வநாதன் அங்கே அச்சுக்கூடம் வைத்திருந்தார். அதே கட்டடத்து மாடியில் ஒரு சீனத்து அம்மாள் பாலே சொல்லிக்கொடுத்தாள். ஏழு வயதில் மாடியேறிய பிள்ளை இறங்கவே இல்லை. நுனிக்காலில் நிற்பதெல்லாம் ஒரு ஆட்டமா என்று சொந்தபந்தம் முகம் சுளித்தது. சுளிக்கட்டுமே, யாருக்கு என்ன நட்டம்! பதினெட்டு வயதில் சிங்கப்பூரில் ஒரு குழுவில் சேர்ந்தாள். பதினான்கு வருடம் இருபது பேரில் ஒருத்தியாக ஆடினாள்.

அந்த வரிசையை நினைத்தால் இன்றைக்கும் அவள் கண் எங்கோ போய்விடும். நீல வெளிச்சம் மெல்லப் பரவும். மேலிருந்து காகிதப் பனி கொட்டும். இருபது பேரும் ஒன்றாக மூச்சிழுப்பார்கள். தன் கை எது, பக்கத்துப் பெண்ணின் கை எது என்று தெரியாது. உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

கணுக்கால் மட்டும் மறக்கவில்லை. ஒரு வருடமாக வலித்தது. சொன்னால் வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்களே என்று மூடி மறைத்தாள். கட்டுப்போட்டுக்கொண்டு, மாத்திரையை விழுங்கிவிட்டு ஆடினாள். ஒருநாள் மேடையிலேயே கால் மடங்கிவிட்டது. விழுந்தவள் தனியாக விழுந்தாளா? பக்கத்தில் ஆடிய மெய்லிங்கையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். மெய்லிங்குக்கு முழங்கால் போயிற்று. இரண்டு பேருக்கும் அன்றோடு மேடை முடிந்தது. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மெய்லிங் கேட்டாள். மீனாள் வாய் திறக்கவில்லை. ஊருக்கு வந்த பிறகும் இதை யாரிடமும் சொல்லவில்லை.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் பி.டி. டீச்சர். பிறகு ஹோட்டலாக மாறிய ஒரு பெரிய வீட்டில், வெள்ளைக்காரர்களுக்குத் தேக்குத் தூண்களைக் காட்டி அலுக்காமல் கதை சொன்னாள். அங்கே தடுக்கி விழுந்த ஒரு அம்மாளை நிற்கவைத்து, நடக்கவைத்து, விமானம் ஏற்றிவிட்டதில் தொடங்கியது மூன்றாவது தொழில். முறையாகப் படித்துச் சான்றிதழும் வாங்கினாள். இப்போது அவள் வீட்டு வளவில், வெயில் இறங்கும் நடுமுற்றத்தைச் சுற்றி, எலும்பு முறிந்தவர்களும் மூட்டு மாற்றியவர்களும் சுவரில் பதித்த மரக்கம்பைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பழகுகிறார்கள். காலை நேரத்தில் பார்த்தால் அதுவும் ஒரு கனவுபோலத்தான் இருக்கும்.

போன வருடம் டிராக்டரிலிருந்து விழுந்து தொடையில் பிளேட் வைத்துக்கொண்ட பொன்னழகு அங்கேதான் வந்து சேர்ந்தார். பக்கத்து ஊரில் வயல் வைத்திருக்கும் சம்சாரி, ஐம்பது வயது. நடக்க வேண்டும் என்பதுகூட அவருக்கு ரெண்டாம்பட்சம். வைகாசியில் புரவி எடுப்பு. ஐயனாருக்கு நேர்ந்துகொண்ட ஆளுயர மண்குதிரைகளைக் கோயில்வரை தோளில் சுமந்து போகும் நாள். முதல் குதிரையை முன்னால் நின்று சுமக்கும் முன்தோள் அவருடைய தாத்தா காலத்திலிருந்து அவர்கள் உரிமை. பாதி வழியில் தோள் மாற்றினால், வாங்கிச் சுமந்தவனுக்கே அடுத்த வருடத்திலிருந்து அந்த உரிமை போய்ச் சேரும். ஆறு மாதம் அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் மீனாள் அவர் தோளில் மணல்மூட்டையை வைத்து வளவைச் சுற்றவைத்தாள். மூன்றாவது சுற்றில் இடதுகால் வெடவெடவென்று நடுங்கியது. பொன்னழகு மூட்டையை இறக்கிவிட்டு, இதை யாரிடமும் மூச்சுவிட வேண்டாம் என்றார். இறுக்கிக் கட்டிக்கொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு சமாளித்துவிடுவாராம்.

"கூடத் தூக்குறவுககிட்டச் சொல்லிருங்கண்ணே. நீங்க சொல்லலைன்னா நான் வந்து சொல்லுவேன்" என்றாள் மீனாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மீனாளும் போய்ச் சொல்லவில்லை. கிளம்புவாள், வாசல்வரை போவாள், திரும்பிவிடுவாள்.

திருவிழாவன்று செம்மண் பாதையில் கூட்டத்தோடு நின்றாள். தலைகளுக்கு மேலே வெள்ளையடித்த குதிரைகள் புழுதியில் மிதந்து வந்தன. கொட்டுச் சத்தத்தில் காற்றே அதிர்ந்தது. முன்தோளில் பொன்னழகு. குதிரையைச் சுமந்த எட்டுப் பேரின் காலும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தது. ஒரு நிமிடம் அவள் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்தாள். அப்புறம் நடுங்கத் தொடங்கிய அந்த இடதுகாலைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் இருந்த ஏழு பேரையும் பார்த்தாள். கத்த வேண்டும், குரல் எழும்பவில்லை. இன்னொரு முறை ஊமையாக நிற்கிறோமே என்று தோன்றியது.

பொன்னழகு கையைத் தூக்கினார். கொட்டு நின்றது.

"டேய் சேவுகா, என்னால முடியலடா. தோள் மாத்து."

தம்பி சேவுகப்பெருமாளோடு அவருக்கு நான்கு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கூட்டத்திலிருந்து அவன் ஓடி வந்து தோள் கொடுத்தான். குதிரை அசையாமல் கைமாறியது. ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, பொன்னழகு நொண்டிக்கொண்டே ஓரத்துக்கு வந்து மீனாள் பக்கத்தில் நின்றார். கண் கலங்கியிருந்தது. உரிமை போச்சே ஆச்சி என்றார்.

அப்போதுதான் மீனாள் வாய் திறந்தாள். கணுக்கால், மாத்திரை, மேடை, மெய்லிங், எல்லாவற்றையும் அந்தப் புழுதியிலேயே நின்று சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை முட்டியது.

"அந்தப் புள்ள இப்ப எங்குட்டு இருக்கு?" என்று கடைசியில் கேட்டார்.

தெரியாது என்றாள் மீனாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட விசாரித்ததில்லை.

"நான் சொல்லிப்புட்டேன். இனி நீங்க அந்தப் புள்ளயத் தேடிப் போயிச் சொல்லுங்க ஆச்சி" என்றார் பொன்னழகு.