நான்கு பெயர்களோடு கோணமலைக்கு

சென்ற வெள்ளிக்கிழமை நானும் மனைவி பூமணியும் தம்பலகாமத்திலிருந்து திருகோணமலைக்குப் போய், கோணமலைக் கோயிலைக் கும்பிட்டு வந்தோம். ஆறு வருடமாக ஒவ்வொரு ஆனியிலும் போகிறோம். எங்கள் மகன் தயாபரன் உப்புவெளியிலிருந்து மீன்பிடிக்கப் போன மாதம் அது. படகும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. இந்தத் தடவை ஒரு விசேஷம் உண்டு. எழுபத்தொரு வயதில் எழுதப் படிக்கப் பழகிய பிறகு நான் போன முதல் பயணம் இது! கைபேசியில் ஒற்றை விரலால் தட்டுவதால் இதை எழுத மூன்று நாள் பிடித்தது.

காலை 6.40 பஸ். பெயர்ப்பலகையை நானே வாசித்து ஏறினேன். தூரம் இருபத்துநான்கு கிலோமீற்றர், ஆளுக்கு நூற்றிருபது ரூபாய். தெருவோரம் யானை ஒன்று நின்றதால் பத்து நிமிடத் தாமதம். எனக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. எதிரே இருந்த பலகைகளையெல்லாம் சத்தமாக வாசித்தேன். சீமெந்து, உரம், பல் வைத்தியர்.

“மெல்லமா வாசியுங்கோ. பல்லே இல்லாத ஆளுக்குப் பல் வைத்தியர் என்னத்துக்கு?” என்றாள் பூமணி. முன் இருக்கைக்காரர் சிரித்துவிட்டார்.

பிறகு அவள் குரல் இறங்கியது. “இந்த முறை மோட்ச அருச்சனை செய்வம். அவன் போயிருந்தா, ஆறு வருசமா ஒண்டும் செய்யாமல் அலைய விட்டிருக்கிறமே.”

“இருந்தா? உயிரோட இருக்கிற பிள்ளைக்கு மோட்சம் கேக்கிறதோ?” என்றேன்.

பூமணி பக்கத்தில் இருந்த அருச்சனைத் தட்டில் தேங்காயை நேராக வைத்தாள்.

பஸ் நிலையத்திலிருந்து கோயிலடிக்கு ஓட்டோ முந்நூறு ரூபாய். கோட்டை வாசலைத் தாண்டியதும் மான்கள். “அம்மா, தட்டை மடியில வையுங்கோ. இஞ்ச மானுகளும் பக்தர்தான், வாழைப்பழத்துக்கு மட்டும்” என்றார் ஓட்டோக்காரர்.

அருச்சனைச் சீட்டுக் கொடுப்பவர் வழக்கம்போல, “சாதாரண அருச்சனையோ, மோட்ச அருச்சனையோ?” என்று கேட்டார். மற்ற வருடங்களில் நான் சொல்ல, அவர் எழுதுவார். இம்முறை பேனையை நான் வாங்கினேன். “நானே எழுதிறன்.”

தயாபரன், சுவாதி நட்சத்திரம் என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. பின்னால் வரிசை நீண்டது.

“ஐயா, தேவாரமோ எழுதுறியள்?” என்றது ஒரு குரல்.

“பொறு தம்பி, பேர்தான். பிழை விடக் கூடாது.”

என் கையால் எழுதிய அவன் பெயரைப் பார்த்தேன். சாதாரணமோ மோட்சமோ, இரண்டில் எதை எழுதினாலும், கடவுளுக்கு மட்டும் தெரிந்ததை எனக்கும் தெரியும் என்று சொல்வதாகிவிடும். அதன் கீழே பூமணி, மகள் வாசுகி, கடைசியில் என் பெயர், எல்லாருடைய நட்சத்திரமும் எழுதினேன். “குடும்ப அருச்சனை” என்று நீட்டினேன். எங்கே இருந்தாலும் அவன் எங்கள் குடும்பம்தானே.

“என்ன எழுதினியள்?” என்றாள் பூமணி. அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

“நாலு பேரையும்.”

“அவன்ர பேர் எத்தினையாவது?”

“முதலாவது.”

“அப்ப சரி. தேங்காயைப் பிடியுங்கோ.”

குருக்கள் என் எழுத்தை ஓரிடத்திலும் தடுமாறாமல் வாசித்தார்! எங்கள் நான்கு பெயர்களும் ஒரே மூச்சில் உள்ளே போயின.

கோயிலுக்குக் கீழே கடல். ஒவ்வொரு வருடமும் அங்கே நின்று, இருக்கிறானா இல்லையா என்று கடவுளைக் கேட்பேன். இம்முறை கேட்கவில்லை. பதில் எனக்கு இன்றும் தெரியாது. அது தெரிந்தவரிடம் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்பும் பஸ்ஸில் பூமணி என் தோளில் சாய்ந்து தம்பலகாமம் வரை நித்திரை கொண்டாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையிலேயே போங்கள், வெயிலேறினால் கல் சுடும். பழத்தை மூடி வையுங்கள். சொந்தப் பேனை கொண்டு போங்கள். உள்ளே வெளிச்சம் குறைவு, எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். பின்னால் எவ்வளவு வரிசை நின்றாலும் அவசரப்பட வேண்டாம்.